கமலக்கண்ணன் பக்கத்தில் எழுதிய பெயர்

ஒருவன் கெட்டுப்போகட்டும் என்றே அவனை இன்னொருவனிடம் சேர்த்துவிட்டேன். செய்தது நான்தான். தெரியாமல் செய்யவில்லை. கைதவறி நடந்ததும் இல்லை. தெளிந்த புத்தியோடு, பட்டப்பகலில், தொழிற்சாலை லைனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளைப் பலகையில் இரண்டு பெயர்களை அருகருகே எழுதினேன்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர்... அதனால்தான் சொல்ல வாய் வருகிறது போலும்.

அப்போது நான் ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுகளாகக் கட்டித் தரும் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, வருடக்கணக்கில் நின்றுகொண்டே கம்பிகளுக்கு டேப் சுற்றிய பிறகு கிடைத்த பதவி. பெரிதாக ஒன்றும் எண்ணிவிடாதீர்கள். மற்றவர்களுக்கு நீலச் சட்டை, எனக்குச் சாம்பல் சட்டை. ஆனால் ஊருக்குப் போகும்போதுகூட அந்தச் சாம்பல் சட்டையைப் பையில் மடித்து எடுத்துப்போவேன்! அதை இழந்துவிடுவேனோ என்ற பயம், கிடைத்த நாளிலேயே எனக்குள் குடிவந்துவிட்டது.

2013இல் வேல்முருகன் வந்தான். விளாத்திகுளத்துப் பையன். டிப்ளமோ முடித்தவன். பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் நால்வர் இருந்த வாடகை அறையில் ஐந்தாவது ஆளாகப் பாய் விரித்தான். கையில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். அதற்குள் ஒரு கால்பந்து விளையாட்டு.

அதில் பந்தை நாம் உதைப்பதில்லை. ஓர் அணியின் மேலாளராக இருக்க வேண்டும். யாரை வாங்குவது, யாரை இறக்குவது, யாருக்கு என்ன பயிற்சி என்று முடிவுசெய்வதுதான் ஆட்டம். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் காலை முழுவதும் அவனும் நானும் அதன் முன் உட்கார்ந்திருப்போம். அவனுக்கு ஓர் அணி, எனக்கு ஓர் அணி. ஆட்டக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தோம். என் அணியில் கோல்களாக அடித்துத் தள்ளிய மூத்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர்.

அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. மூத்த ஆட்டக்காரன் ஒருவனிடம் இளையவன் ஒருவனைச் சேர்த்துவிடலாம். கொஞ்ச காலம் மூத்தவன் அவனைத் தன் சிறகுக்குள் வைத்துக்கொள்வான். இதை எனக்குக் கற்றுத்தந்தவனே வேல்முருகன்தான்.

நான் உடனே என் அணியின் நல்ல பையனைச் சிடுமூஞ்சியிடம் சேர்த்தேன். கோல் அடிக்கக் கற்றுக்கொள்வான் என்ற ஆசை! சில மாதங்கள்... விளையாட்டின் மாதங்கள்தான்... கழிந்தன. பையன் பயிற்சிக்கு வர மறுத்தான். தோற்றால் சண்டை பிடித்தான். கடைசியில் வேறு அணிக்குப் போகிறேன் என்று நின்றான்.

வேல்முருகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கோல் அடிக்கிறதப் பாத்தீக, குணத்தப் பாக்கலயேண்ணே! இதுல தெறம ஒட்டாது. குணந்தான் ஒட்டும். நல்லவன்கூட விட்டா நல்லது வரும். சிடுமூஞ்சிகூட விட்டா இவனும் சிடுமூஞ்சிதான்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால், அதற்குள் லைனில் வேறொன்று நடந்திருந்தது. வேல்முருகன் வந்த சில வாரங்களிலேயே, கம்பிகள் கலந்துபோகும் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, கம்பிகள் வைக்கும் தட்டுகளின் வரிசையை மாற்றச் சொன்னான். மாற்றினோம். தவறுகள் குறைந்தன. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "இந்தப் பையன விட்டுடாதய்யா. கன்ஃபர்ம் ஆனதும் லீடர் ஆக்கிடலாம்" என்றார். லைனில் லீடர் ஒருவர்தானே! அப்படியானால் நான்? அதை அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டிருந்தால் இந்தப் பாவம் நடந்தே இருக்காதோ... யார் கண்டது!

எங்கள் லைனில் புதிதாக வரும் ஒவ்வொருவரையும், முதல் சில வாரங்கள் எல்லா இடத்திலும் நின்று பார்த்த பிறகு, மூன்று மாதம் ஒரு சீனியரோடு ஜோடி சேர்ப்போம். சேர்ப்பது என் பொறுப்பு. வழக்கமாக ஸ்டெல்லா அக்காவிடம் விடுவேன். அதட்டத் தெரியாத, பொறுமையான மனுஷி.

இன்னொரு சீனியர் கமலக்கண்ணன். பக்கத்துப் பென்னலூர்க்காரர். கை வேகத்தில் லைனில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் திங்கட்கிழமை வரமாட்டார். மேலிருந்து யார் எது சொன்னாலும் எடுத்தெறிந்து பேசுவார். கோபம் வந்தால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்டை நோக்கி நடப்பார். குடும்ப நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு அப்படி ஆனவர் என்று சொல்வார்கள். அவரிடம் இதுவரை யாரையும் சேர்த்ததில்லை.

வேல்முருகனைச் சேர்த்தேன்.

பலகையைப் பார்த்ததும் அவன் என் காதருகே குனிந்தான். "என்னண்ணே, என்னையக் கொண்டுபோயி சிடுமூஞ்சிகிட்டப் போட்டுட்டீகளே!"

நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். வெறும் கேலிதானா? தெரிந்துகொண்டானா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "அவர் கை வேகம் யாருக்குடா வரும்?" என்று எதையோ உளறினேன். சரியென்று தலையாட்டிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

பிறகு நான் காத்திருந்தேன். ஆம்... விளையாட்டில் பையன் எப்படி மாறுகிறான் என்று பார்த்திருந்ததைப் போல, லைனில் காத்திருந்தேன். அவன் பேச்சில் கமலக்கண்ணனின் 'இன்னா' நுழைந்தது. தேநீர் இடைவேளை முடிந்து இருவரும் தாமதமாக வரத் தொடங்கினார்கள். ஒருமுறை ஓவர்டைம் பார்க்கச் சொன்னதற்கு, "முன்கூட்டியே சொல்லணும்ணே, திடீர்னு சொன்னா எப்பிடி?" என்றான். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது! வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கமலக்கண்ணன் திங்கட்கிழமைகளில் வரத் தொடங்கினார். முகம் மழித்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து இரண்டு டப்பாக்களில் சாப்பாடு கொண்டுவந்து, "வூட்ல செஞ்சது, துன்னுடா. கேன்டீன் சோத்தத் துன்னு துன்னு வத்திப் பூட்ட" என்று ஒன்றை அவன் பக்கம் தள்ளுவார். விளையாட்டில் மூத்தவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒட்டுவதெல்லாம் ஒருவழிதான். மனிதர்களிடம் இருவழி என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மாற்றத்தைக் கண்டு மகிழ்ந்தேனா? இல்லை. பயந்தேன். என் ஏற்பாடு பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்!

பலித்தது.

ஒரு முற்பகல். வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த ஒரு கம்பிக் கட்டைச் சூப்பர்வைசர் தூக்கிக்கொண்டு வந்தார். கமலக்கண்ணன் கட்டியது. அதை அவர் முன்னால் வீசினார். "நெலத்த வித்துக் குடிச்சவனையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்டித்தான் வரும். உன் பொண்டாட்டி எப்டிய்யா உன்கூடக் குடும்பம் நடத்துறா?" லைன் முழுதும் கேட்டது.

பழைய கமலக்கண்ணனாக இருந்தால் கையுறையைக் கழற்றியிருப்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தப்புதான் சார், சரி பண்ணிடுறேன்" என்றார். மெதுவாக.

வேல்முருகன்தான் டேப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தான். "அவுருகிட்ட மன்னிப்புக் கேளுங்க சார்." சூப்பர்வைசர் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினார். இவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பொத்தான்கள் தெறித்தன. நான் ஓடிப்போய் விலக்கினேன்... ஓடியதாகச் சொல்கிறேன். உண்மையில் நடந்துதான் போனேன்.

அலுவலக அறையில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"என்ன நடந்துச்சு?"

"பையன் சட்டையப் பிடிச்சான் சார்."

"அதுக்கு முன்னாடி? சூப்பர்வைசர் எதுனா பேசினாரா, தள்ளினாரா?"

"மெஷின் சத்தத்துல... கவனிக்கல சார்."

எங்கள் லைனில் சத்தம் போடும் மெஷினே கிடையாது! கேட்டவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பயிற்சித் தொழிலாளிதானே, மறுநாளே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. வேறு கம்பெனிகளில் முயன்றான். எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு அவன் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் எடுக்கவில்லை. அறையைக் காலி செய்த காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க என்னண்ணே செய்வீக? குடும்பத்தப் பாக்கணும்ல. மனசுல வச்சுக்கிடாதீக."

வாக்குமூலத்துக்காக என்னை மன்னித்தான். பலகையில் எழுதியதை அவன் தவறாகவே நினைத்திருக்கவில்லையோ என்னவோ. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பஸ் வந்துரும், கெளம்பு" என்றேன். இப்போது ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவான். அவன் பெயர் கைபேசித் திரையில் ஒளிரும்போதெல்லாம் இரண்டு முறை மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். இன்றைக்குக் கேட்டுவிடுவானோ? கேட்டதில்லை. "நல்லாருக்கீகளாண்ணே?" என்பதோடு சரி.

சாம்பல் சட்டை என்னிடமே இருந்தது.

கமலக்கண்ணன் அதன் பிறகு நெடுநாள் நிற்கவில்லை. தானே வேலையை விட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்து, ஒரு மாலை, சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப்போக எண்ணினேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"இன்னா லீடரு, கண்டும் காணாம போற? வா, டீ சாப்டு."

இருவரும் நின்றபடியே குடித்தோம். அவர் பாதி குடித்த பிறகு சொன்னார்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு கீது. புதுசா வர்ற புள்ளைங்கள எல்லாம் ஸ்டெல்லாவாண்டதான் வுடுவ. இவன மட்டும் இன்னாத்துக்கு என்னாண்ட வுட்ட?"

"உங்க கை வேகம் அவனுக்கு வரட்டும்னுதான்ணே..."

"கை வேகமா..."

என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்!

"எனக்குப் புள்ளகுட்டி கெடையாது, தெரியுமில்ல? நீ அவன என்னாண்ட வுட்டப்போ, நம்மளயும் ஒரு ஆளா நெனச்சி வுட்டுக்கீறான்டா லீடருன்னு வூட்ல போய்ச் சொன்னேன். அவளுக்கு அம்மாம் சந்தோசம். அப்பால குந்திக்கினு யோசிச்சிப் பாத்தா..." நிறுத்தினார். "நான் அவ்ளோ கெட்டவனா லீடரு?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. பேருந்து வந்துவிட்டது. கிளாஸைப் பலகைமேல் வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். நான் வைத்த கிளாஸையும் சேர்த்து எடுத்து, கடைக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

மண்ணூரில் ஒரு கிடங்கில் அவர் காவலுக்கு இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிறு புறப்பட்டுப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கேட்டைத் தட்டினேன். "யாரு? இன்னா வோணும்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் குரல்தானா என்றுகூடத் தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்டை நெருங்கியது.

தாழ் திறப்பதற்குள் நான் சாலையின் மறுபக்கம் போய்விட்டிருந்தேன்.