ஆமை வாசித்த பிரசுரம்

வாசல் படலையில் நின்று சனத்தை உள்ளே விடுகிற வேலை, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சுகமாகத் தெரியும். செய்தவர்களுக்குத்தான் தெரியும், நாங்கள் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சனம் கேட்கும் என்று.

கோயில் வாசலோ ஆஸ்பத்திரி வாசலோ, எங்கே நின்றவராக இருந்தாலும் என் பாடு உங்களுக்கு விளங்கும். நான் நிற்பது வேலணைக் கரையில், காயப்பட்ட கடலாமைகளை வைத்துக் குணமாக்குகிற ஒரு சின்ன இடத்தில். அதற்கு முன் நாற்பது வருசம் துண்டுப்பிரசுரம் எழுதினேன். கடலின் அடியை வழித்துக்கொண்டு போகிற இழுவைமடிக்கு எதிராக எழுதியது மட்டும் ஒரு பெட்டி நிறைய வரும். இழுவைமடி இன்னும் ஓடுகிறது. என்னோடு கோஷம் போட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார்கள். நான் படலையில் நிற்கிறேன். வெட்கப்படவில்லை.

எங்களிடம் ராசாத்தி என்றொரு ஆமை இருந்தாள். நெடுந்தீவுப் பக்கம் நைலோன் வலை அவளுடைய முன் துடுப்பைப் பாதி அறுத்திருந்தது. நாலு மாதத்தில் காயம் ஆறிவிட்டது. “வாற ஞாயிறு வரைக்கும் ஒழுங்காச் சாப்பிட்டாள் எண்டால் கடலிலை விடலாம்” என்று எங்கள் மிருக வைத்தியர் தர்சினி சொல்லியிருந்தார். அந்த ஞாயிறுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

பதினாலு வரிப் பலகை

தொட்டியருகே ஒரு பலகை வைத்தேன். “பொதுமக்களே! விழித்தெழுங்கள்!” என்று தொடங்கி, ஆமைக்கு எதையும் போடக்கூடாது என்பதைப் பதினாலு வரியில், காரணகாரியத்தோடு எழுதியிருந்தேன். ஆச்சரியக்குறிகள் மட்டும் சிவப்பு மையில்.

நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள் வான் வண்டி பிடித்து இங்கேயும் இறங்கும். அப்படி இறங்கிய ஓர் அம்மா பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். நாற்பது வருசத்தில் என் எழுத்தை அவ்வளவு நேரம் பார்த்தவர்கள் குறைவு. நெஞ்சு நிமிர்ந்து கிட்டப் போனேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அண்ணை, கக்கூஸ் எந்தப் பக்கம் எண்டு இதிலை போட்டிருக்கோ?”

கால் லீற்றர் பால்

அடுத்த நாள் எழுபது தாண்டிய ஓர் ஐயர் குடும்பத்தோடு வந்தார். பெண்சாதி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர். நான் ரிக்கற் கிழித்து நிமிர்வதற்குள் ஐயரம்மா தொட்டியில் பூவைத் தூவி, பால் போத்தலின் மூடியையும் திறந்துவிட்டார். ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டினேன். பாதிப் பால் என் சேட்டில், பாதி தொட்டியில். தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. ராசாத்தி அன்று மத்தியானம் தன் தீனியான சாதாழைக் கடற்புல்லைத் தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

கடல் உயிர்களுக்குப் பால் கூடாது என்று நான் மேடைக் குரலில் விளக்கினேன். ஐயர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, கூர்மமா வந்து ஒரு மலையையே முதுகிலை தாங்கினவர். எங்கட கால் லீற்றர் பாலைத் தாங்கமாட்டாரோ?”

வடைத் தட்டு

பலகையை வாசிக்காத சனத்துக்குக் கையிலேயே கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அந்தப் பதினாலு வரியையும் அதே சிவப்பு ஆச்சரியக்குறிகளோடு கடதாசியில் அச்சடித்தேன். கடற்காற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்கட்டும் என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்ரிக் உறையில் வைத்து, சூடாக்கி ஒட்டி எடுத்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. தொட்டி கழுவுகிற மரியதாஸ், பழைய கடற்தொழிலாளி, “அண்ணை, உது தண்ணியிலை விழுந்தால் சொறிமுட்டை மாதிரியெல்லோ தெரியும்” என்றான். சொறிமுட்டை என்கிற ஜெலிமீன் என்று நினைத்துத்தான் ஆமைகள் பிளாஸ்ரிக்கை விழுங்குகின்றன. அது எனக்கும் தெரியும். என் ஒன்பதாவது வரியே அதுதான். ஆனால் பிரசுரம் போடுவதில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை என்றுவிட்டேன். தர்சினி அன்று யாழ்ப்பாணம் போயிருந்தார்.

புளியங்கூடலிலிருந்து போய்க் கனடாவில் குடியேறிய குடும்பமொன்று வந்தது. பதினொரு பேர், பதினொரு பிரசுரம். தொட்டிக் கட்டிலேயே சாப்பாட்டுப் பாசல் பிரித்தார்கள். ஒருவர் என் பிரசுரத்தால் விசிறினார். பெரியவர் அதில் வடையை வைத்துச் சாப்பிட்டு, “நல்ல சாமான், எண்ணெய் ஊறேல்லை” என்றார். போகும்போது திருப்பி வாங்கினேன். பத்துத்தான் இருந்தது. பத்து வயதுப் பேத்தி ஒருத்தி என் கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீரில் பதினொராவது மிதந்தது. வலது மூலையைக் காணவில்லை. “பொதுமக்களே! விழித்” என்பதோடு முதல் வரி அறுந்திருந்தது. பிள்ளை சொன்னாள்: “தாத்தா, உங்கட பேப்பரை ஆமை சாப்பிட்டிட்டுது.”

பன்னிரண்டு நாள்

தர்சினியிடம் உண்மையைச் சொன்னேன். எழுதியதும் நான், உறை போட்டதும் நான், எச்சரித்தவனை அடக்கியதும் நான். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “இவ்வளவு மெல்லிய பிளாஸ்ரிக் எக்ஸ்ரேயிலை தெரியாது. தானா வெளியிலை வரவேணும். குடலிலை அடைச்சால் பிழைக்கமாட்டாள்” என்றார். ராசாத்தி ஒரு பக்கம் சரிந்து மிதந்தாள். குழாயால் மருந்தெண்ணெய் கொடுத்தோம். விடுவதாக இருந்த ஞாயிறும் வந்து போனது. கடலில் விடுவதைப் பார்க்க வந்த குடும்பங்களைப் படலையிலேயே திருப்பி அனுப்பினேன். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சுகமில்லை என்றேன். யாரால் என்று சொல்ல வாய் வரவில்லை.

பொலிஸ் வானுக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றவன் நான். அப்போது இப்படி நித்திரை கெடவில்லை. விடியக் காலமை வந்து, வலைக்கரண்டியால் தொட்டித் தண்ணீரை வடித்து வடித்துப் பார்ப்பேன். ஒன்றும் இராது. ஏழாம் நாள் மரியதாஸ் தேத்தண்ணியை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னான்: “அண்ணை, ஆயிரம் சனத்துக்கு முன்னாலை நடுங்காத ஆள் நீங்கள், இப்ப ஒரு ஆமையின்ரை பின்பக்கத்தைப் பாத்து நடுங்குறியள்.”

தெழுங்கள்

பன்னிரண்டாம் நாள் காலை கரண்டியில் பளபளவென்று ஏதோ தட்டுப்பட்டது. கழுவினேன். “தெழுங்கள்!” என்று இருந்தது. சிவப்பு ஆச்சரியக்குறி கொஞ்சமும் மங்கவில்லை. அச்சு அவ்வளவு தரம். எடுத்துக்கொண்டு தர்சினியின் மேசைக்கு ஓடினேன். கிழிந்த பிரசுரத்தோடு அவர் அதைப் பொருத்திப் பார்த்தார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. பிறகு தொட்டியை எட்டிப் பார்த்தார். ராசாத்தி நேராக மிதந்து சாதாழையை இழுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளில் முதல்தடவை தர்சினி சிரித்தார்: “ஐயா, உங்கட நோட்டீசை உண்மையா உள்வாங்கின ஒரே ஆள் இவள்தான்.”

ராசாத்தியைக் கடலில் விட்டாயிற்று. மற்ற ஆமைகளிடம் பிளாஸ்ரிக் போகாமல் இருக்கப் படலையில் ஒரு கூடையும், அதன்மேல் “பையை இதுக்குள்ளை போடுங்கோ” என்றொரு மட்டையும் வைத்திருக்கிறேன். நாற்பது வருசத்தில் நான் எழுதியவற்றுள் சனம் கேட்டு நடந்த ஒரே வரி அதுதான், அதில் ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை.