கைவிட்டுப் பார்க்காத லோடு

எங்கள் அப்பாவின் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எழுதச் சொன்னவர் அண்ணன். உடம்பும் மனமும் ஓய்ந்துபோயிருப்பதால், எனக்குப் பழக்கமான முறையில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் வியாபாரத்தில் அப்பாவின் மேல் விழுந்த ஒரு பழியையும் இதில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அப்பா பிறந்தது சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை விட்டு, லாரியில் வைக்கோல் ஏற்றப் போனார். விருத்தாசலத்துக்கு வந்தது பீங்கான் பொருள்களைப் பொதிய வைக்கோல் கொடுப்பதற்காக. அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் வந்து அது நின்றதும், மாடு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அண்ணனும் நானும் படித்தது அந்த வைக்கோலில்தான்.

மார்கழி பிறந்தால் அப்பா மூன்று விஷயங்களை விசாரிப்பார். திட்டக்குடிப் பக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு. சேத்தியாத்தோப்பில் கதிர் எப்போது அறுப்புக்கு வரும், அப்போது மழை இருக்குமா. வேப்பூர் மேட்டு நிலத்தில் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டை எதுவரை தாங்கும். இவற்றை வைத்துத் தை மாத விலையைச் சொல்லிவிடுவார். ஏறும் என்று தெரிந்தால் வேப்பூர்க்காரர்களுக்கு முன்பே போன் போட்டு, "இப்பவே வாங்கிப் போட்டுக்குங்க" என்பார்.

"இப்படிச் சொல்லிட்டா நாம எப்பங்க பொழைக்கிறது?" என்று அம்மா கேட்பார்.

"மாடு மொதல்ல பொழைக்கட்டும்டி. அதுதான் அடுத்த வருசமும் வைக்கோலு கேக்கும்."

எந்த லோடு வந்தாலும் நாலைந்து கட்டுகளில் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே சூடாக இருந்தால் ஈரம். அந்த லோடு எங்கும் போகாது.

இந்தத் தையில் அறுப்பு நேரத்தில் மழை. இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலிலேயே நனைந்தது. காய்ந்தது கிடைக்கவில்லை, விலை நாளுக்கு நாள் ஏறியது. அப்பா நெஞ்சு வலியோடு படுத்திருந்தார். அப்பாவிடம் வழக்கமாக வாங்கும் வேப்பூர் அண்ணன் ஆறு மாடுகளை வைத்துக்கொண்டு ஒரு லோடுக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் காலையில் லாரி வந்தது. பார்க்கச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார்.

பீங்கான் ஆலையில் களிமண்ணின் ஈரம் பார்ப்பது என் வேலை. அதற்கான ஊசிக் கருவியை வைக்கோலில் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

"கையை வுட்டுப் பாத்தியா பாப்பா?"

"மீட்டரே காட்டிடுச்சுப்பா. காஞ்சிதான் இருக்குது."

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. ஊசியின் நீளம் ஒரு விரல். கட்டின் நடு ஒரு முழம் உள்ளே. மேலே வெயிலில் காய்ந்திருந்ததை மட்டுமே நான் அளந்திருந்தேன்.

லோடு வேப்பூருக்குப் போய்விட்டது. சில நாளில் அங்கிருந்து போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாண்ணே, கட்டப் பிரிச்சா உள்ள வெள்ளையடிச்சி வெச்சிருக்குது! மாடு மோந்து பாத்துட்டு என்னைய மொறைக்குது."

"நான்தாம்பா கையை வுட்டுப் பாத்தேன். கை ஏமாத்திடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். மறுநாள் யார் தடுத்தும் கேட்காமல் வேப்பூருக்குப் போய், எல்லாக் கட்டுகளையும் பிரிக்கச் செய்து, பூஞ்சணம் பிடித்ததைத் திருப்பி எடுத்து வந்தார். எங்கள் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோல் போரிலிருந்து ஈடு கொடுத்தார்.

"உண்மைய சொல்லிடறேம்பா" என்றேன்.

"பொண்ணு மேல பழியப் போட்டு நான் யாவாரம் பண்ணணுமா? வுடு."

விட்டுவிட்டேன். "அவருக்குக் கை மரத்துப் போச்சு" என்று பேச்சு பரவியது. விலை கேட்டு வரும் போன்கள் குறைந்தன. கடைசி மாதங்களில் அப்பா போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த ஆனியில் போய்விட்டார்.

மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மூன்று நாள் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், லாரியை நிறுத்திவிட்டு வந்து பாடை தூக்கிய ஓட்டுநர்களுக்கும் எங்கள் நன்றி. வேப்பூர் அண்ணனுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சொல்ல வேண்டும். அண்ணா, அந்த லோடைப் பார்த்தது அப்பா அல்ல, நான். நான் கையை விடவில்லை. அப்பா கைவிட்டுப் பார்த்து அனுப்பிய எதுவும் உங்களுக்குக் கெட்டு வந்ததில்லை. இதை மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.