படம் வந்த பிறகுதான் காசு

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது எண்பதுகளின் நடுவில். கடையிலிருந்து ஆன்டெனா மாட்ட ஒரு தம்பி வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து வேலை செய்கிறவர். காலையிலிருந்து மொட்டை மாடியில் நின்று கம்பத்தை நிறுத்தி, கம்பி இழுத்துக் கட்டி, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து சொருகும்போது மணி இரண்டு. டிவியைப் போட்டார். புள்ளி புள்ளியாக இரைந்தது.

"அவ்ளோதாண்ணா. சாயங்காலம் அவங்க போடும்போது படம் வரும்" என்றார். அப்போதெல்லாம் பகலில் நிகழ்ச்சி கிடையாது.

மீதி ஒயரைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கென்று ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் கை எழவில்லை.

கஞ்சத்தனம் இல்லை. நான் பட்டு நெசவு செய்கிறவன். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். பழைய பாவு முடிந்ததும், புதுப் பாவை அதோடு இழை இழையாகப் பிணைத்துத் தர ஓர் ஆள் வருவார். அவருக்குக் கூலி தனி. வெற்றிலை பாக்கோடு மேலே கொடுக்கிற காசு தனி. அந்தக் காசை எங்கள் வீட்டில் உடனே கொடுக்க மாட்டோம். ஒரு முழம் நெய்து, இழை அறாமல் வந்த பிறகுதான். முன்னாலேயே கொடுத்தால் பாவு அறுந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக்கை. பிணைக்கிறவருக்கும் இது தெரியும். டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். டிவிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

இதை நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது. வந்தது இவ்வளவுதான்:

"படம் வரட்டும் தம்பி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாண்ணா, என் வேலை மேல நம்பிக்கை இல்லியா? ஊர் பூரா நான்தான் மாட்டிகினு இருக்கேன்." பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "வெயில்ல நின்னு வேலை செஞ்ச புள்ள, வெறுங்கையோட போவுது. வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தீங்க?"

சாயங்காலம் படம் வந்தது. பாதித் தெரு எங்கள் கூடத்தில்தான் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை. காசு கொடுக்க வேண்டிய நேரம் இதுதான். அவரோ என்னைக் கருமி என்று நினைத்துக்கொண்டே ஊருக்குப் போகப்போகிறார். வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், அந்த ஐந்து ரூபாய், எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

தேவிகாபுரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் அவர் இருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார்.

"இன்னாண்ணா, வெத்தல பாக்கெல்லாம்? பொண்ணுக்குக் கல்யாணமா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இப்போது விட்டால் இனி சொல்லவே முடியாது என்று, பாவு, இழை, ஒரு முழம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"அட, இத அங்கியே சொல்றதுக்கு இன்னாண்ணா? மத்தியானத்துலேர்ந்து உங்கள திட்டிகினே இருந்தேனே!" என்று அவரும் சிரித்தார். "சரி, படம் கிளீனா வருதா?"

"வருது. ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்துல இன்னொரு ஆள் நிக்கிற மாதிரி..."

"நிழல் அடிக்குதா?"

தலையாட்டினேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். அதற்குள் இவர் அடித்துப் பிடித்துக் கீழே இறங்கிவிட்டார். பொட்டலத்தை என் கையில் திணித்தார். "புடிங்க. பாவு அறுந்துடுச்சு. திரும்பப் பிணைச்சிட்டு வாங்கிக்கறேன்."

என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தார். மாடியில் அவர் ஆன்டெனாவைத் திருப்ப, உள்ளே இருந்தவர்கள் சொல்வதை நான் வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினேன். "இன்னும் கொஞ்சம்! போச்சு! இந்தப் பக்கம்! வந்துச்சு, வந்துச்சு!" கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நிழல் போனதும் இறங்கி வந்து, பொட்டலத்தை வாங்கி, வெற்றிலையை அங்கேயே போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஃபேன் மாட்டவோ வேறு எதற்கோ யார் வந்தாலும், காசைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதில்லை. அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "ஓடினதும் தரேன்" என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து கிரைண்டர் கொண்டுவந்து வைத்தவர், "அப்போ ஊறவெச்ச அரிசி எடுத்துகினு வாங்க, இப்பவே ஓட்டிக் காட்டறேன்" என்றார். எங்கள் வீட்டில் அன்று அரிசி ஊறப்போடவில்லை. பக்கத்து வீட்டில் ஊறவைத்திருந்ததை மனைவி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவர்கள் வீட்டு இட்லிக்கு மாவாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த மனிதர் காசை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.