புது பிரேக்குக்கு வைத்த பொட்டு

என் கணவர் என்னோடு காரில் எங்கே வேண்டுமானாலும் வருவார். ஸ்கூடாய் நெரிசலில் நான் முன்னால் போகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்குவார். பந்தயத் தடத்தில் மட்டும் ஏற மாட்டார். என்னுடைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வருடத்துக்கு மூன்று நான்கு முறை தடத்துக்குக் கொண்டுபோகிறேன். போட்டி எதுவும் கிடையாது. பணம் கட்டினால் நம் காரை ஆசை தீர ஓட்டலாம், அவ்வளவுதான். அவரும் தொப்பி, மடக்கு நாற்காலி சகிதம் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வார்.

எனக்கு நாற்பத்தேழு வயது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் செய்த தப்பைத் தேடிப் பிடிக்கிறவள். எனக்கும் ஒரு வேலை நேர்த்தியாக வரும் என்பதை அவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், ஒரே ஒரு சுற்று போதும் என்று ரொம்ப நாளாக ஆசை. கேட்டால், "ஏறலாம்மா, மொதல்ல அது ஒழுங்கா நிக்கட்டும்" என்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் நீண்ட நேர்பாதையின் முடிவில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கார் புல்லில் இறங்கி ஒரு வட்டம் அடித்து நின்றது. எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் அவர் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் வேலியோரம் ஓடி வந்தார். காரணம் பழைய பிரேக் ஆயில். நம் ஊர் ஈரக் காற்றில் அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். தடத்துச் சூட்டில் அந்தத் தண்ணீர் கொதித்தால் மிதியில் ஒன்றும் இருக்காது. மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன?

இந்த வருடம் அவருக்காகவே எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன். தெப்ராவில் டயர் கடை முதலாளியான சீனத் தவுக்கே, கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு டயரைக் காட்டினார். இதைப் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி குறையும் என்று மலாயில் ஆசை காட்டினார். நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் டயர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ, அவ்வளவு வேகத்தில் போய் அவ்வளவு பலமாக பிரேக் பிடிக்கத் தோன்றும். சூடெல்லாம் பிரேக் தலையில்தான் விழும். போதாததற்கு அந்த டயரில் தண்ணீர் வடிய வரிப்பள்ளமே இல்லை. சாயங்கால மழையில் அதைப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது சோப்புக் கட்டி மேல் நடப்பது மாதிரி. மழையிலும் ஓட்டக்கூடிய நடுத்தரமான டயரே போதும் என்றேன். தவுக்கே முகம் தொங்கிப்போனது.

பிரேக்குக்குத்தான் தாராளமாகச் செலவழித்தேன். முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க், எளிதில் கொதிக்காத ஆயில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்க எவ்வளவு சூட்டையும் தாங்கும் பிரேக் பேட். இந்த பேடுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, சூடேறினால்தான் பிடிக்கும். மாட்டிய பிறகு செனாயில் ஆளில்லாத தொழிற்சாலைச் சாலையில் ஓட்டி ஓட்டி பிரேக் பிடித்து, பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக வைத்தேன். டிஸ்க் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இனி அதில் கைரேகை கூடப் படக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

போகிற அன்று காலை அவர் காருக்குப் பூஜை போட்டார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் உண்டு, ரைஸ் குக்கருக்குக் கூட. நான் உள்ளே ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது பானெட்டில் சந்தனம் குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

முதல் சிக்னலிலேயே பிரேக் மந்தமாக இருந்தது. பேட் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். காருக்குள் சந்தன வாசனை. அவர் நெற்றியில் இருந்து வருகிறது என்று நினைத்தேன். நான்தான் தரக் கட்டுப்பாடு!

தடத்தில் இறங்கி இரண்டாவது சுற்றில் பிரேக்கை அழுத்தியதும் கார் இடது பக்கம் இழுத்தது. முன் சக்கரத்திலிருந்து புகை. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து எங்கள் இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தால், கம்மென்று நெய் வாசனை. பக்கத்து இடத்து மலாய்க்கார அண்ணன், நாங்கள் அபாங் என்று கூப்பிடுகிறவர், யார் பிரியாணிச் சோறு கொண்டுவந்தது என்று சிரித்தார். சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கில் கருகிய மஞ்சள் திட்டுகள்.

"என்னங்க இது?"

"பொட்டு."

"டிஸ்க்லயா?"

"புதுசா வாங்கினது பிரேக்குதானே? அப்ப அதுக்குத்தானே வைக்கணும்? வழவழன்னு இருந்துச்சு, சந்தனம் ஒட்டல. அதான் கொஞ்சம் நெய்யில கொழச்சேன்."

சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு வைத்திருக்கிறார். பேடுகள் நெய் குடித்துவிட்டன. அவ்வளவுதான், குப்பைத் தொட்டி. நான் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பூஜை போட்டீர்களா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா. போன வருஷத்துலேர்ந்தே. வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?"

வெட்கமாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவரை அப்படி நிற்க வைத்தேனே என்று இன்றைக்கும் உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்டேன், அதுவும் பாதி கத்தலாகத்தான் வந்தது. பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். அபாங் பிரேக் துடைக்கும் ஸ்பிரேயும் உப்புத்தாளும் தந்தார். என் கணவர் ஒரு டிஸ்க்கையே அரை மணி நேரம் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி தேய்த்தார். காரின் பின்பெட்டியில் பாதி தேய்ந்த பழைய பேடுகள் இருந்தன. நான் அவற்றை மாட்டி, மிதியைப் பத்துத் தடவை அழுத்திப் பார்த்து, நட்டுகளை வரிசைப்படி முறுக்கி, மறுபடியும் ஒரு முறை முறுக்கினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாக ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நேராக நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு பக்கத்தில் ஆள் ஏற்றலாம் என்று அறிவித்தார்கள்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "இன்னைக்கு வேணாங்க. ஆயில் புதுசுதான், ஆனா இது பழைய பேடு. வேகமா ஓட்டினா மூணு ரவுண்டுதான் தாங்கும். அதுக்கு மேல நானே ஓட்ட மாட்டேன். அடுத்த தடவ புதுசு போட்டு உங்கள ஏத்துறேன்."

ஒரு வருடமாக இந்த ஒரு சுற்றுக்காகத்தானே இத்தனையும்.

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹெல்மெட் எங்க?"

"எதுக்கு?"

"எப்ப ஓட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியுது. நீயே வேணாங்கற ஆளுன்னா, ஏறலாம்."

அபாங்கிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டத் தெரியாமல் காதை மடக்கிக்கொண்டார். நான்தான் சரி செய்து வாரைப் பூட்டினேன். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

நேர்பாதையின் முடிவில் எப்போதும் பிடிப்பதைவிட ரொம்பவே முன்னால் பிரேக் பிடித்தேன். ஒரு சிவப்பு கார் எங்களைத் தாண்டிப் போனது. வழக்கமாக இருந்தால் அவனைச் சபித்திருப்பேன். வளைவுகளை ஒவ்வொன்றாக, அவர் தலை ஆடாதபடி, வழுக்கினாற்போல் எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகவும் ஓட்டியதில்லை, அவ்வளவு நன்றாகவும் ஓட்டியதில்லை. அவர் கண்ணை மூடியிருப்பாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். திறந்துதான் இருந்தது.

சுற்று முடிந்தது. வெளியேற இண்டிகேட்டரைப் போட்டேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்குல்ல?"