நான்காம் வகுப்புக்கு வந்த பிரிட்டிஷ் விழுமியங்கள்

எங்கள் பள்ளித் தாளாளர் மகனைப் பார்க்க இங்கிலாந்து போய்த் தங்கிவிட்டு வந்த கோடை விடுமுறையில்தான் இது தொடங்கியது. அவருக்குக் கன்னிவாடிப் பக்கம் தென்னந்தோப்பும் திண்டுக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸும் உண்டு. பள்ளிக்கூடம் அதற்கெல்லாம் பிறகு வந்தது. அங்கே ஒரு நாள் பேரனின் பள்ளிக்குப் போயிருக்கிறார். வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் ‘பிரிட்டிஷ் விழுமியங்கள்’ என்று எழுதி, சுற்றிலும் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார்கள். பலகையைத் தாண்டிக் குழந்தைகள் சத்தமில்லாமல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் எங்களிடம் சொன்னார்: “ஒரு பிள்ள கத்தல. ஒண்ண ஒண்ணு இடிக்கல. அம்புட்டும் லைன்ல போகுது. என்னடான்னு விசாரிச்சா, வேல்யூஸாம். அத தனிப் பாடமாவே வச்சிருக்கான். நம்ம பிள்ளைகளுக்கும் அது வேணும்.”

அங்குள்ள ஒரு நிறுவனத்தின் பாடத்திட்டத்தைத் தொடக்கப் பள்ளிக்கு வாங்கினார். பள்ளி வாசலில் பிரிட்டிஷ் கொடி போட்ட ஃப்ளெக்ஸ் ஏறியது. விழுமியப் பாடத்தை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் எடுக்கணும் டீச்சர். ஒங்க பேரே இங்கிலீஷ் பேருதான.”

என் பெயர் ஓர் இத்தாலியப் புனிதையுடையது. அதை எனக்கு வைத்த அப்பா, அய்யலூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். அவர் ஆங்கிலம் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதையெல்லாம் கூட்டத்தில் எழுந்து விளக்க முடியாது. “சரி சார்” என்றேன்.

புத்தகப் பெட்டி வந்து இறங்கியதும் தாளாளருக்குப் பெரிய ஏமாற்றம். வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முள்கரண்டி பிடிப்பதைப் பற்றியும் இல்லை. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், பிறருடைய நம்பிக்கைகளை மதித்தல் என்று போய்க்கொண்டிருந்தது.

“இது நம்ம சமூக அறிவியல்லயே இருக்கேம்மா” என்றார்.

வெள்ளைக்காரர்களை ஊருக்கு அனுப்பிவைத்த பிறகுதான் நாம் அதை எழுதிக்கொண்டோம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

எங்கள் பள்ளியில் அப்போது ஓர் அட்டை இருந்தது. வகுப்புக்கு ஒன்று. ‘நான் தமிழில் பேசினேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா கட்டியிருப்பார்கள். தமிழ் பீரியட் தவிர மற்ற நேரத்தில் வளாகத்துக்குள் தமிழில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளை அதை அணிய வேண்டும். வேறொரு பிள்ளை தமிழில் பேசுவதைக் கண்டுபிடித்தால் அதன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். மாலையில் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளை பக்கம் பக்கமாக இம்போசிஷன் எழுத வேண்டும். பெற்றோருக்கு இந்த ஏற்பாட்டில் பரம திருப்தி. சேர்க்கைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

ஜனநாயகப் பாடத்துக்கு வகுப்புத் தேர்தல் நடத்தச் சொல்லியிருந்தது புத்தகம். அதுவரை என் நான்காம் வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவன்தான் தலைவன். இப்போது அவனும் நின்றான், ஒரு சிறுமியும் நின்றாள். அவளுடைய அப்பாவுக்கு ஊருக்குள் தோல் மண்டி. படிப்பில் நடுத்தரம், வாய் மட்டும் முதல் ரேங்க். பையன் தன் பேச்சில், எல்லோரையும் நன்றாகப் படிக்கவைப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தான். அங்கேயே தோற்றுவிட்டான். அவள் எழுந்து, தான் ஜெயித்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் பேச அனுமதி வாங்கித் தருவதாக, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னாள். கைதட்டல் பக்கத்து வகுப்பு வரை கேட்டது. வாக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எண்ணினோம், புத்தகத்தில் போட்டிருந்ததால்.

அடுத்து சட்டத்தின் ஆட்சி. சட்டம் எல்லோருக்கும் ஒன்று, அதைப் போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தாளாளர் உள்ளே வந்தார்.

“என்ன பிள்ளைகளா, பாடம்லாம் புரியுதா?”

தலைவி எழுந்து, அட்டையை எடுத்து வரலாமா என்று ஆங்கிலத்தில் பணிவாக அவரிடம் கேட்டாள்.

“என்னம்மா சொல்லுது?” என்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

“நான் ஸ்டூடண்ட் இல்லயே கண்ணு.”

புத்தகத்தில் எல்லோருக்கும் என்றுதான் இருக்கிறது என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். “இது எத்தனாவது பாடம் டீச்சர்?”

“ரெண்டாவது சார்.”

“செத்த வெரசா முடிச்சு மூணாவதுக்குப் போயிருங்க.”

மூன்றாவது பாடம் தனிமனித சுதந்திரம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்புப் பக்கம் வந்தால் வாசலிலேயே நின்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வெள்ளை முடி. மதுரை விமான நிலையத்திலிருந்து காரில் வந்து இறங்கியதும் சந்தனமாலை போட்டோம். வெயிலில் மாலையும் அவரும் சேர்ந்து வாடினார்கள். தாளாளர் அவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகக் காட்ட, இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன்.

இரண்டாம் வகுப்பு வாசலில் ஒரு குட்டிப் பெண் கழுத்தில் அட்டையோடு நின்றிருந்தாள். அதை ஒளித்துவைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தாளாளருக்கு அதில் பெருமைகூட. அந்த அம்மாள் குனிந்து படித்தார். இது என்ன என்று கேட்டார். “இங்கிலீஷ் மீடியம் மேடம். வெரி ஸ்ட்ரிக்ட்” என்றார் தாளாளர்.

அம்மாள் குழந்தையிடம் அனுமதி கேட்டு அட்டையைக் கழற்றிக் கையில் வாங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவருடைய ஊர் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ்; அங்கே மொழியே வேறு. அவருடைய தாத்தாவின் அப்பா பள்ளியில் படித்த காலத்தில், வேல்ஸ் மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் எழுத்து செதுக்கிய மரத்துண்டு ஒன்றை மாட்டுவார்களாம். அது பிள்ளைக்குப் பிள்ளை கைமாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி. அடி வாங்கிய அந்த மனிதர் தன் பிள்ளைகளுக்குச் சொந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இவர் அதை நடுவயதில், சாயங்கால வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். இன்னும் சரளமாக வராது என்றார்.

அவருடைய உச்சரிப்பு தாளாளருக்குப் பிடிபடவில்லை. “என்னம்மா சொல்றாங்க?”

“அவங்க ஊர்லயும் இதே மாதிரி இருந்துச்சாம் சார். கழுத்துல மாட்டுறது.”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா டீச்சர், நாம கரெக்டாத்தான் போயிக்கிட்டிருக்கோம்.”

“இல்ல சார். அது பெரிய தப்புன்னு சொல்றாங்க. அத நெனச்சா இன்னைக்கும் அவங்களுக்கு மனசு ஆறலயாம்.”

தாளாளர் அட்டையைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, “அத மொதல்லயே புத்தகத்துல போட்டிருக்கலாம்ல” என்றார்.

எங்கள் வகுப்புக்கு வந்தபோது, எந்த விழுமியம் பிடித்திருக்கிறது என்று அம்மாள் பிள்ளைகளைக் கேட்டார். ஜனநாயகம், ஏனென்றால் அதில் நான் ஜெயித்தேன் என்றாள் தலைவி. அம்மாள் சிரித்துவிட்டு, எனக்காகத் தமிழில் ஏதாவது ஒன்று சொல் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“எங்க ஊரு வெயிலு ஒங்களுக்கு ஒத்துக்கிருச்சா?” என்றாள்.

அந்த வகுப்பறையில் தமிழ் பீரியடுக்கு வெளியே அனுமதியோடு சொல்லப்பட்ட முதல் தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாள் உண்மையைச் சொன்னார்.

அவர் போன மறுநாளே எல்லா அட்டைகளையும் வாங்கி உள்ளே வைத்தார்கள். ‘பிரிட்டிஷ் பாடத்திட்டப்படி, மதிய உணவு வேளையில் தாய்மொழி நேரம்’ என்று பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போனது. தலைவியை மேசை மேல் ஏற்றாத குறையாகப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். அது வாரக் கடைசி வரைதான் நீடித்தது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு எல்லோரும் திரண்டு வந்துவிட்டார்கள்.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி வியாபாரம் செய்யும் ஒருவர் முதலில் எழுந்தார். “ஏனுங்க சார், தமிழ் பேசறதுக்கு ஊட்டுலயே உட்டுருப்பமுங்களே. இதுக்கு வேன்ல ஏத்தி இம்புட்டு தூரம் அனுப்போணுமுங்களா?”

ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். தாளாளர் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அந்த வருடம் தான் வாங்கிய பாடமே அவருக்குக் கைகொடுத்தது. “ஜனநாயக முறைப்படி கேட்டுருவோம். மத்தியானமும் இங்கிலீஷ்தான் வேணுங்கிறவங்க கையத் தூக்குங்க.”

அறை முழுக்கக் கைகள்.

வகுப்புத் தலைவி என்பதால் அந்தச் சிறுமி வாசலில் நின்று எல்லோருக்கும் கல்கண்டுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிய கைகளில் அவளுடைய அப்பாவின் கையும் இருந்தது. தட்டை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டாள். கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் அவரை நிறுத்தினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“நீங்க ஏன் அத்தா கையத் தூக்குனீங்க?”

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். “ஒனக்காகத்தாம்மா. வெளியூர்லருந்து பார்ட்டி இங்கிலீஷ்ல போன் பேசுனா, நான் போன பக்கத்துக் கடைக்காரர்ட்ட குடுத்துட்டு அவர் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். என்ன சொன்னான், இவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. நீ அப்படி நிக்கக்கூடாது.”

“நான் சாப்டுறப்ப மட்டுந்தான அத்தா கேட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அவளுடைய தோளில் கைவைத்து, “வா, போவோம்” என்றார். தோளைச் சற்றே விலக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். இருவரும் அப்படியே கேட் வரை போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் போய்விடுகிறது.

திங்கட்கிழமை அட்டைகளை மீண்டும் வெளியே எடுக்கச் சொன்னார் தாளாளர். எடுப்பதற்குள் நிறுவனத்திலிருந்து மெயில் வந்துவிட்டது. பிள்ளைகள் தாய்மொழியில் பேசுவதைத் தண்டிக்கும் பள்ளிக்குத் தங்கள் பாடத்திட்டத்தைத் தொடர்ந்து தர இயலாது. மதிய நேரத்தில் பிள்ளைகள் விரும்பிய மொழியில் பேசலாம் என்பதை உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். கீழே அந்த அம்மாளின் கையெழுத்து.

தாளாளர் அதை என்னிடம் ஒருமுறை படிக்கவைத்துக் கேட்டார். பிறகு வாசல் ஃப்ளெக்ஸை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்று சாயங்காலமே பெற்றோருக்கு மறுபடி தகவல் போனது: மேலிடத்து உத்தரவு.

இந்த முறை ஒருவரும் வரவில்லை. வேன் நிறுத்துமிடத்தில் ஒட்டன்சத்திரத்துக்காரரைப் பார்த்தபோது நானே கேட்டேன்.

“வெள்ளைக்காரங்களே சொல்லிட்டாங்கன்னா அதுல ஏதோ விசயம் இருக்குமுங்க டீச்சர்” என்றார், முழு நிம்மதியோடு.

ஆக, திண்டுக்கல் பிள்ளைகள் மத்தியானம் தமிழில் பேசும் உரிமை, ஊர்ப் பெற்றோரின் ஓட்டில் தோற்று, கடல் கடந்து வந்த ஓர் ஆணையால் நிலைநாட்டப்பட்டது. இதை எந்த விழுமியத்தின் கீழ் சேர்ப்பது என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பேசலாம் என்று சொல்லியும் யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தேர்தலில் தோற்ற முதல் ரேங்க் பையன்தான், பக்கத்திலிருந்தவனின் பொரியலைக் காட்டி, “ஏலே, அந்த வெஞ்சனத்த இங்கிட்டுத் தள்ளு” என்றான். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

தலைவி சில நாள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை என்று அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார். பிறகு சாயங்காலங்களில் மண்டிக்கே போய், அவருக்கு வரும் ஆங்கில போனை ஸ்பீக்கரில் போட்டு, வாக்கியம் வாக்கியமாக அவருக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாளாம். “ரேட்டையும் அவளே பேசிருவா போல டீச்சர்” என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். அலுப்பில் பெருமை இருந்தது.

பதவியை அவள் அத்தோடு விடவில்லை. வியாழக்கிழமை விளையாட்டு பீரியடை நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எல்லா டீச்சர்களும் செய்வதுதான். ஒரு வியாழக்கிழமை அவள் எழுந்து, டைம்டேபிளில் விளையாட்டு என்றுதான் போட்டிருக்கிறது என்றாள்.

“அதுக்கு ஓட்டெல்லாம் கிடையாது” என்று முந்திக்கொண்டேன்.

“ஓட்டு வேணாம் மிஸ். சட்டத்துலயே இருக்கு.”

சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

மைதானத்தில் அவர்கள் கோகோ விளையாட, நான் வேப்பமர நிழலில் நின்றேன். ரவுண்ட்ஸ் வந்த தாளாளர் என்னருகே வந்து நின்றார்.

“கணக்கு இல்லயா டீச்சர்?”

“சட்டப்படி இல்ல சார்.”

அவர் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்த அந்தச் சிறுமியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அஞ்சாவதுல இந்தப் பிள்ள எந்த செக்ஷன் போகுது?”

“நீங்கதான் சார் முடிவு பண்ணணும்.”

“அதுக்கு எலெக்ஷன் எதுவும் இல்லல்ல?”

“இப்போதைக்கு இல்ல சார்” என்றேன்.