கூரைக்காரர் வாங்கிய எஸ்டிமேட்

கென்டக்கி மலைப்பக்கத்தில் வெர்லின் ஸ்டாம்பர் ஒரு வீட்டுக்கூரைக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தால் எழுதியதுதான். முப்பது வருடமாக ஒரு டாலர் கூடியதுமில்லை, பேரம் பேசிக் குறைந்ததுமில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்துகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது. "மழை யோசிக்காதும்மா," என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். உத்தரம் உளுத்த பிறகு அவர்களே கூப்பிடுவார்கள். அப்போது செலவு மூன்று மடங்கு.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஏணியில் ஏறினால் அடிவயிறு எலுமிச்சை அளவுக்குப் புடைக்கும். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காப்பீடு கட்டுப்படியாகாமல் இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டாயிற்று. காப்பீடு இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரி முன்கூட்டியே செலவை எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

"ஊருக்கெல்லாம் எஸ்டிமேட் குடுக்கிறியே, உனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாயேன்!" என்று மனைவி நோரீன் விரட்டினாள்.

ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் எஸ்டிமேட் காகிதத்தை நீட்டியவள் அங்கே வேலை பார்க்கும் டெஸ்ஸா. அவள் அம்மா வீட்டுக்கூரை இவர் போட்டதுதான். அறுவை, மயக்க மருந்து, அறை என்று வரிவரியாக எழுதியிருந்தது. தொழில்காரர் அல்லவா, முதலில் மெச்சித்தான் படித்தார். அடியில் பதினாலாயிரத்து முந்நூற்றெண்பது டாலர். வண்டியையும் ஏணிகளையும் விற்றாலும் பாதி தேறாது.

"கடைசி பில் இதுக்கு மேல நானூறு டாலர் கூடினா நீங்க சண்டை போடலாம் சார்."

"கூடாமலே சண்டை போடணும்போல இருக்கே!"

டெஸ்ஸா சிரிக்கவில்லை. கட்டணச் சலுகைக்கான ஒரு படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இத நிரப்பிக் குடுங்க. நிறையப் பேருக்குப் பாதிக்கு மேல குறைச்சிருக்காங்க."

"பாதி விலைக்குக் கூரை கேக்கிறவன நான் வாசல்லயே அனுப்பிடுவேன். எழுதினா எழுதினதுதாம்மா," என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். பாழாய்ப்போன வீம்பு.

"அப்ப தேதி குறிச்சிடட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சிவந்துவிட்டது.

"எங்கம்மா இதையே சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா சார்?"

ஞாபகம் இருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு ஒரு கூரையை அளக்க வேண்டியிருந்தது. வெர்லின் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஏணியைப் பற்றி ஏறினார்.