சும்மா இருக்காத கை

குரலை ஏற்றினால் பாட்டு கத்துகிறது. இறக்கினால் குரலே காணாமல் போகிறது. ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் இதுதான் என் பிழைப்பு.

பாடியவள் என் மனைவி. பீங்கான் கம்பெனி ஆபீசில் பில் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள். மெதுவாகப் போகும் ஜாஸ் பாட்டு ஒன்றை அவளே தமிழில் எழுதியிருந்தாள். புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பாட ஆள் தேடினார்கள். ஒரு பாட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள். கல்யாணமானதிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

பேஸ் கிடாரையும் டிரம்ஸையும் தெரிந்தவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பிவிட்டார்கள். கீபோர்டு நான். கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தே வயிறு வளர்ப்பவன். எல்லாவற்றையும் ஒரே பாட்டாகக் கலக்கும் மிக்ஸிங் வேலை எனக்குப் புதிது. யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நமக்குத் தெரியாததா என்ற திமிர்.

பக்கத்துப் பீங்கான் பட்டறையில் மண் அரைக்கிற மெஷின் ஓடாத ஞாயிறாகப் பார்த்து, ஃபேனை நிறுத்தி, வியர்வை ஊற்ற ஊற்ற வீட்டிலேயே மைக் முன்னால் பாடினாள். அவள் குரலைத் தனியாகக் கேட்டால் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றியது. மற்றதோடு சேர்த்தால் பாழ். மைக்கைத் திட்டினேன். ஹெட்போனைத் திட்டினேன். யூடியூபில் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறவனைத் திட்டினேன். அவன் எதைத் தொட்டாலும் தேனாக ஒழுகுகிறது, நான் தொட்டால் தகர டப்பா. எக்கோவைக் கூட்டினேன், கிணற்றுக்குள்ளிருந்து பாடினாள். குறைத்தேன், காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தவள் கேட்டுப் பார்த்தாள். "இன்னாங்க, என் குரல் எங்கயோ ஒளிஞ்சிக்கிட்டு இருக்குது" என்றாள்.

"நீ அழுத்திப் பாடியிருக்கணும். வரிக்கு வரி நிறுத்திடுற. பாட்டு செத்துப்போவுது" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் கீபோர்டு என்று நான் பெயர் போட்டிருந்த வரிசையை மட்டும் மியூட் செய்தாள்.

பாட்டு ஓடியது. முதல் வரி முடிந்தது. அவள் நிறுத்திய இடத்தில், டிரம்ஸ்காரர் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் தேய்ப்பது மட்டும் லேசாகக் கேட்டது. அடுத்த வரி வந்தபோது குரல் எதிரில் வந்து நின்றது. அதன் சத்த அளவை யாரும் தொடவில்லை.

விளங்கிவிட்டது. விளங்கியதால் கோபம் இன்னும் ஏறியது. கல்யாண மேடையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கீபோர்டு ஒரு சின்ன மியூசிக் பிட்டைப் போட்டே ஆக வேண்டும். கொஞ்சம் சத்தம் நின்றாலும் கரண்ட் போய்விட்டதா என்று பந்தியில் சாப்பிடுகிறவர்கூட எட்டிப் பார்ப்பார். என் கைக்குச் சும்மா இருந்து பழக்கமே இல்லை. அவள் வேண்டுமென்றே விட்ட இடங்களையெல்லாம் அடைத்து, அடுத்த வரியின் வாயையும் பொத்தியிருந்தேன்.

"கடைசியிலயாவது கீபோர்டு கொஞ்சம் வச்சிக்கலாமே" என்றேன்.

"வேணாங்க. இப்படியே அனுப்புங்க."

அனுப்பினேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டு பிடித்திருக்கிறது, இந்தச் சனிக்கிழமையே வரலாம் என்றார் ஹோட்டல்காரர். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. கீபோர்டைப் பஸ்ஸில் எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "உங்ககிட்ட கீபோர்டு இல்ல போலருக்குது. கவலப்படாதீங்க, மத்ததோட கீபோர்டுக்கும் இங்கயே ஆள் இருக்காரு. நீங்க மட்டும் வந்தா போதும்."

அவள் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சரி என்று சொல்லும்படி சைகை காட்டினேன்.

சனிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வரேங்க" என்றாள்.

பஸ் கிளம்பியது. கூடவே நாலு எட்டு நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அந்தக் கீபோர்டு ஆளு நடுவுல நடுவுல வாசிச்சாருன்னா, நிறுத்தச் சொல்லு."